7. அரிப்பது புதுக் கருவிழி அல்ல

"ஒரே ஒரு தடவை, லேசாத் தேய்ச்சுக்கட்டுமா?"

கருவிழி மாற்றிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் கேட்கும் கேள்விகளில் இதற்குத்தான் முதலிடம். பார்வை எப்போது தெளியும், வண்டி எப்போது ஓட்டலாம் என்பதெல்லாம் அப்புறம்தான். நானும் கேட்டிருக்கிறேன். அறுவை முடிந்த பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, ராத்திரி இரண்டு மணிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் கேட்டேன். அவள் பதிலே சொல்லவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் வைத்தியங்களில் அதைவிட நல்ல வைத்தியம் ஒன்றும் இல்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாது. லேசாகவும் கூடாது, கைக்குட்டையாலும் கூடாது, மூடிய இமைக்கு மேலேயும் கூடாது. ஒரு வருஷம் ஆகி எல்லாம் ஆறிவிட்டது என்று தோன்றும்போதும் கூடாது. அப்படியானால் அரிப்பை என்னதான் செய்வது என்பதற்குத்தான் இனிவரும் பக்கங்கள்.

எங்கே அரிக்கிறது?

கருவிழி என்பது கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோலக் கண்ணின் முகப்பை மூடியிருக்கும் தெளிவான தோல். பெயரில் 'கரு' இருக்கிறதே தவிர அதற்கு நிறமே கிடையாது. பின்னால் உள்ள கண்மணியின் கருப்பு அதன் வழியே தெரிவதால் வந்த பெயர். நடுவில் கனம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அந்தக் கனத்துக்குள் நரம்பு நுனிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. உடம்பின் மேற்பரப்பில் இவ்வளவு நெருக்கமாக நரம்பு ஓடும் இடம் வேறு இல்லை. ஒரு தூசி விழுந்தாலே உயிர் போவதுபோல் இருப்பது அதனால்தான்.

முழுக் கனத்தையும் மாற்றும் சிகிச்சையில், ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்த வட்டத்தை அங்கே வைத்துத் தைக்கிறார்கள். வெட்டும்போது அந்த நரம்புகளும் சுற்றிலும் அறுந்துபோகின்றன. ஓரத்திலிருந்து அவை திரும்ப வளர்ந்து உள்ளே வர மாதக்கணக்காகும், சிலருக்கு வருஷக்கணக்காகும். நடுப்பகுதிக்குப் பழைய உணர்ச்சி முழுதாகத் திரும்பாமலே போவதும் உண்டு.

ஆகவே புதிதாக வைத்த துண்டு ஆரம்பத்தில் கிட்டத்தட்ட மரத்துப்போன துண்டு. அரிப்பது அது அல்ல. அரிப்பவை இமையின் உள்பக்கம், வெள்ளை விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய படலம், மூக்கோரத்து முனை, இமைமயிர் முளைக்கும் விளிம்பு ஆகியவை. இவையெல்லாம் உங்கள் பழைய சொத்து. பழைய அலர்ஜியும் பழைய பொடுகும் அப்படியேதான் இருக்கின்றன, கண்ணாடியை மட்டும்தான் மாற்றியிருக்கிறார்கள்.

இது புரிந்தால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும். மரத்துப்போன இடத்தில் புண் வந்தால் வலி தெரியாது. "வலியே இல்லையே, சும்மா அரிப்புதானே" என்று நாள் கடத்துவதற்கு இந்தக் கண்ணில் இடமில்லை.

அரிப்பா, உறுத்தலா, எரிச்சலா?

நம் மொழியில் இவை மூன்றும் வேறுவேறு சொற்கள். நமைச்சல், கரகரப்பு, கூச்சம் என்று இன்னும் இருக்கின்றன. இவ்வளவையும் வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று முடித்துவிடுகிறோம். அந்த 'ஒரு மாதிரி'யைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் பாதி வைத்தியம் ஆகிவிடும்.

உறுத்தலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் ஆபத்து அதிகம். இமைக்கும்போதெல்லாம் குறிப்பிட்ட ஒரே இடத்தில், கண்ணில் உமி விழுந்ததுபோலக் குத்தும். அந்த இடத்தை உங்களால் காட்ட முடியும், "மேலே, காதுப் பக்கமா" என்று. அப்படியென்றால் பெரும்பாலும் தையல்தான். கருவிழியைத் தைக்கும் நைலான் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். வட்டத்தைச் சுற்றிப் பெரும்பாலும் 16 தையல் போடுவார்கள், சிலருக்கு ஒரே நூலைத் தொடர்ச்சியாக ஓட்டுவதும் உண்டு. வீக்கம் வற்றிக் காயம் சேரச் சேர அன்று இறுக்கிக் கட்டிய நூல் தளரும். நாளாக நாளாக நைந்து அறுந்துபோகவும் செய்யும்.

தளர்ந்த நூலில் பீளை ஒட்டும். பீளையில் கிருமி தங்கும். அதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அந்த நூலைத் தேடிக்கொண்டு வெள்ளை விழியிலிருந்து ரத்தக்குழாய்கள் கருவிழிக்குள் ஊர்ந்து வரும். கருவிழியின் பெரிய பாதுகாப்பே அதற்குள் ரத்தக்குழாய் இல்லாததுதான். அந்நியத் திசு ஒன்று வந்திருக்கிறது என்பது உடம்பின் காவல்படைக்கு எளிதில் தெரியாது. சிறுநீரகத்தை வெற்றிகரமாக மாற்ற 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இன்றைய செக் குடியரசில் உள்ள ஓலோமோட்ஸ் நகரில் எட்வார்ட் ஸிர்ம் என்ற மருத்துவர் 1905-லேயே கருவிழியை மாற்றிப் பார்வை கொடுத்துவிட்டார் என்றால், அதற்கு இந்த ரத்தமில்லாத் தன்மை ஒரு முக்கியக் காரணம். ஒரு தளர்ந்த நூலுக்காக அந்தக் கதவை நாமே திறந்துவிடக் கூடாது.

எனக்கு எட்டாம் மாதத்தில் இது நடந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மணவறைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஓமப் புகைதான் குத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஊருக்கு வந்த பிறகும் குத்தியது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது குத்திய பக்கம் மட்டும் சிவந்திருந்தது. டாக்டர் மரப்பு மருந்து ஒரு சொட்டு விட்டு, தாடையை வைத்து நெற்றியை முட்டிக்கொள்ளும் கருவியில் பார்த்தபடியே நூலை எடுத்துவிட்டார். இரண்டு நிமிஷ வேலை. திட்டு பத்து நிமிஷம் விழுந்தது. ஒரு இடத்தில் குத்தினால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே போய்விடுங்கள். வீட்டில் யாரையாவது டார்ச் அடிக்கச் சொல்லி, நூல் நுனி தெரிகிறது என்று விரலாலோ சாமணத்தாலோ இழுக்கும் விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். நூலோடு கிருமியும் உள்ளே இழுபட்டுப் போகும்.

உள்ளடுக்கை மட்டும் மாற்றிக்கொண்டவர்களுக்குத் தையல் மிகக் குறைவு, சிலருக்குக் கருவிழியில் இருக்கவே இருக்காது. அவர்களுக்கு இந்த உறுத்தல் பெரும்பாலும் வராது. மற்றவை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

எரிச்சலும் கரகரப்பும் வேறு ரகம். காலையில் சும்மா இருக்கும், சாயங்காலம் ஏறும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஏறும், போனைப் பார்த்தால் ஏறும். இது வறட்சி. கருவிழி நரம்புதான் கண்ணீர்ச் சுரப்பிக்குத் தகவல் சொல்லும் ஆள். அதை வெட்டிவிட்டதால் தகவல் சரியாகப் போவதில்லை. போதாக்குறைக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை மருந்து ஊற்றுகிறோம். மருந்து கெடாமல் இருக்கப் பல புட்டிகளில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருளைச் சேர்க்கிறார்கள், அதுவே கண்ணின் மேல்தோலை அரிக்கக்கூடியது. இது சேராத செயற்கைக் கண்ணீர் கிடைக்கிறது. விலை கூடுதல்தான். ஆனாலும் அடிக்கடி விட வேண்டியவர்கள் அதையே எழுதித் தரச் சொல்லிக் கேட்பது நல்லது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்து என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். கட்டிலை நகர்த்திப் போட்டு, காற்று காலில் படும்படி செய்துகொள்ளுங்கள்.

அசல் அரிப்பு என்பது மூக்கோரத்து முனையில், தேய்த்தால் சுகமாக இருக்கும்போல் தோன்றுவது. இரண்டு கண்ணிலும் சேர்ந்து வரும், கூடவே தும்மலும் வரலாம். இது அலர்ஜி. கருவிழி கூம்பிப்போனதால் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது பழைய கூட்டாளி. அவர்களில் பலர் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே கண்ணைக் கசக்கிக் கசக்கியே வளர்ந்தவர்கள். நானும் அந்தக் கட்சி. கசக்கியது கூம்பலை வளர்த்தது. கூம்பலுக்காக மாற்றிய கண்ணையும் அதே கை தேடி வருகிறது. இதற்கு ஒலோபடடின் போன்ற அலர்ஜி சொட்டுகள் நன்றாகக் கேட்கும், டாக்டர் எழுதித் தந்தால். சளிக்கும் தும்மலுக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகள் மூக்கை மட்டுமல்ல, கண்ணையும் சேர்த்து உலர்த்தும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

புதுப் புட்டி ஒன்றைத் தொடங்கிய பிறகு அரிப்பு வந்து, கீழிமைத் தோல் சிவந்து தடித்துச் சொரசொரப்பாகிவிட்டால் அந்த மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். கண் அழுத்தத்தைக் குறைக்கும் சில சொட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். அதற்காக எல்லா மருந்தையும் நீங்களே நிறுத்திவிடாதீர்கள். எந்தப் புட்டி, எந்தத் தேதியில் தொடங்கியது என்று சொல்லி மாற்றுக் கேளுங்கள்.

காலையில் இமைமயிரில் பொருக்குக் கட்டி, விளிம்பு மட்டும் நமைத்தால் அது இமைப் பொடுகு. இமையைச் சுத்தம் செய்வது எப்போது தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடி, மயிரின் ஓரமாக மட்டும் துடைக்க வேண்டும். அழுத்தம் விழியில் விழக்கூடாது, விளிம்பில் மட்டும். தலையில் பொடுகு இருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு குறையும் மாதம்

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் தனியாக எழுதுகிறேன். புதுக் கருவிழியை உடம்பு ஒதுக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கும் பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சொட்டு, அலர்ஜியையும் அடக்கி வைக்கிறது. ஆறு வேளை நான்காகி, நான்கு மூன்றாகும்போது, அதுவரை தூங்கிய அரிப்பு எழுந்து உட்காரும். "குறைச்சதாலதான் அரிக்குது, பழையபடி ஆறு தடவை விட்டுக்கலாம்" என்று தோன்றும். விட்டால் நின்றும்விடும். அதுதான் சிக்கலே. ஸ்டீராய்டு சொட்டு பலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறுவது வெளியே தெரியாது, பின்னால் உள்ள பார்வை நரம்பு சத்தமில்லாமல் பட்டுப்போகும். பிறகு கருவிழி கண்ணாடியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டினால் எத்தனை புட்டி வேண்டுமானாலும் கொடுப்பார்கள். கொடுக்கிறார்கள் என்பதற்காக வாங்காதீர்கள்.

கணக்கு வைக்க நான் பயன்படுத்தியது தினசரிக் காலண்டர். கிழிக்கும் தாளில் அன்றைக்கு எத்தனை சொட்டு என்று காலையிலேயே கோடு போட்டுவிடுவேன், விட்டதும் ஒரு கோட்டை அடிப்பேன். அரிப்பு வந்தால் மணியை எழுதி வைப்பேன். கிழித்த தாள்களைக் கிளிப் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். சிரித்தார். ஆனால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

சொட்டு விடுவதிலும் அரிப்பைக் கூட்டாமல் விட ஒரு முறை இருக்கிறது. பால்போல் இருக்கும் மருந்தை நன்றாகக் குலுக்குங்கள். அதில் மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் வெறும் தண்ணீரைத்தான் விடுவீர்கள். படுத்துக்கொண்டு, கீழிமையைக் கன்னத்து எலும்பின் மேல் பிடித்து இறக்குங்கள், விழியை அழுத்தாமல். ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் அந்த ஒரு சொட்டுக்கே முழுதாக இடம் கிடையாது, இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து தோலை அரிக்கத்தான் உதவும். வழிந்ததை உடனே ஒற்றி எடுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் பொறுங்கள், களிம்பு இருந்தால் கடைசியில். புட்டியின் மூக்கு இமையிலோ மயிரிலோ படக்கூடாது.

தாங்க முடியாத அந்தப் பத்து நிமிஷம்

அரிப்பு ஓர் அலை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். கை போகாமல் அந்த உச்சியைக் கடப்பதுதான் வேலை.

இரண்டு மெல்லிய பருத்திக் கைக்குட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடி போட்ட டிபன் பாக்ஸில் குளிர்பெட்டியில் வைத்திருங்கள். ராத்திரி அரித்தால் படுத்துக்கொண்டு கண்ணை மூடி, புருவத்திலிருந்து கன்னம் வரை அதை விரித்துப் போடுங்கள். கை எடுத்துவிட வேண்டும், அழுத்தக் கூடாது. ஐந்து நிமிஷம். முதல் சில வாரங்களில் கண்மூடிக் கவசத்தின் சுற்றோரத்தில் மட்டும் பட்டால் போதும். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும், கனமான ஜெல் பையை வைப்பதும் வேண்டாம். செயற்கைக் கண்ணீர்ப் புட்டியையும் குளிரில் வைக்கலாமா என்று கேட்டு, வைக்கலாமென்றால் வையுங்கள். சில்லென்று விழும் ஒரு சொட்டுக்கு அரிப்பு அடங்குவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

தூக்கத்தில் கை தானாகப் போகும், அதை எந்த மன உறுதியும் தடுக்காது. பிளாஸ்டிக் கவசத்தை டாக்டர் சொன்ன நாள் வரை ஒரு ராத்திரிகூட விடாமல் போடுங்கள். கவசத்தை ஒட்டும் பிளாஸ்திரியே சிலருக்குத் தோலை அரிக்க வைக்கும். காகித டேப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். குழந்தைகளுக்கு ராத்திரியில் பருத்திக் கையுறை போட்டுவிடலாம். பகலில் சாதாரணக் கண்ணாடியே காவல். பவர் இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள், விரல் முதலில் அதில் முட்டும்.

வீடும் வைத்தியமும்

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், சண்டை போட வேண்டாம். ஆனால் ஒன்றும் கண்ணுக்குள் போகக்கூடாது. ஸ்டீராய்டு விட்டுக்கொண்டிருக்கும் கண் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைந்த கண். தையல் வழியே கிருமிக்கு வாசலும் இருக்கிறது. கண்மையும் அப்படித்தான்.

தலைக்குக் குளிப்பதை டாக்டர் அனுமதித்த பிறகும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வேறொருவர் ஊற்றட்டும். சீயக்காய்த் தூள் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். மிளகாய் அரைத்த கை, சோப்பு போட்டுக் கழுவினாலும் சில மணி நேரம் மிளகாய்க் கைதான். கோயிலில் விபூதியை நெற்றியில் பூசவிடாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், பூசும்போது உதிர்வது இமையில்தான் விழும். சாம்பிராணி, போகிப் புகை, களத்துமேட்டுத் தூசி எல்லாவற்றுக்கும் எட்டி நில்லுங்கள். நெல் உமியும் தூசும் குத்திப் பூஞ்சைப் புண் வந்து கருவிழியை இழந்த விவசாயிகள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். மாற்றிய பிறகு அவர்கள் பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி இல்லாமல் வயலுக்குப் போகக்கூடாது. கிணறு, குளம், நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு டாக்டரின் வார்த்தை வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்

சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. இந்த நான்கில் ஒன்று வந்து சில மணி நேரத்தில் போகவில்லையென்றால், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அன்றைக்கே கருவிழி டாக்டரைப் பார்த்தாக வேண்டும். உடம்பு புதுக் கருவிழியை ஒதுக்கத் தொடங்குவதன் அடையாளம் இவை. சீக்கிரம் போனால் பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே மீட்டுவிடுவார்கள். இரண்டு மாதத்திலும் வரலாம், பத்து வருஷம் கழித்தும் வரலாம். மங்கலைக் கண்டுபிடிக்கத் தினமும் காலையில் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அதே இடத்தில் நின்று அதே காலண்டரின் தேதியைப் பாருங்கள். நேற்றுத் தெரிந்தது இன்று தெரியவில்லை என்றால் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இன்னொன்று, அரிதாக நடப்பது. ரத்தக்குழாய் இல்லாத இடம் என்பதால் தையல் வட்டம் ஆறுவது மிக மெதுவாக. எத்தனை வருஷம் ஆனாலும் பிறவிக் கருவிழியின் பலம் அதற்கு வராது. பலமாகக் கசக்கினாலோ, மடியில் இருக்கும் குழந்தையின் தலை இடித்தாலோ அந்த வட்டம் விட்டுப்போகலாம். திடீரென்று வெந்நீர்போலக் கண்ணிலிருந்து கொட்டி, பார்வை சட்டென்று இறங்கினால், துடைக்காதீர்கள், மருந்து விடாதீர்கள், துணி வைத்து அழுத்தாதீர்கள். கவசத்தை மட்டும் மேலே போட்டுக்கொண்டு அப்படியே கிளம்புங்கள்.

எந்தக் கண், என்ன சிகிச்சை, என்றைக்குச் செய்தது, எத்தனை தையல் பாக்கி என்று எழுதிய மருத்துவமனை அட்டையைப் படமெடுத்துப் போனில் வைத்திருங்கள். வெளியூரில் கண் சிவந்தால் அங்கிருக்கும் டாக்டருக்கு உங்கள் விளக்கத்தைவிட அது பயன்படும். என் அட்டையில் 16 என்று எழுதி அடித்து, 15 என்று எழுதி அடித்து, இப்போது 4-ல் நிற்கிறது.